பிரவுசரில் டென்னிஸ்: தோற்காமல் ஆட ஒரு வழிகாட்டி

டென்னிஸ் ஆட மட்டை வேண்டும், மைதானம் வேண்டும், எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். பிரவுசரில் ஆட இதெல்லாம் தேவையில்லை. நெட் இருக்கிற ஒரு லேப்டாப்போ மொபைலோ இருந்தால் ஆயிற்று. காசு செலவில்லை, எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். ஆனாலும் புதிதாக ஆட வருகிற பலர் முதல் ஆட்டத்தில் ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் தோற்றுவிட்டு, கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று மூடிவிடுகிறார்கள். அது ஏமாற்றுவதில்லை. அதற்கென்று ஒரு பலவீனம் இருக்கிறது. அது பிடிபட்டால் வெல்வது பெரிய காரியமில்லை.

அதற்கு முன் ஆட்டத்தைச் சரியான இடத்தில் திறக்க வேண்டும். போக்கி, கிரேஸிகேம்ஸ் போன்ற தளங்களுக்குப் போய் 'டென்னிஸ்' என்று தேடினால் பல ஆட்டங்கள் வரும். பெரும்பாலானவற்றுக்குப் பெயர் பதிய வேண்டியதில்லை. இவற்றுக்கு வருமானம் விளம்பரத்தில்தான், அதனால் ஆட்டம் தொடங்குமுன் ஒரு விளம்பரம் ஓடும். பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாதவை மூன்று உண்டு. ஒன்று, ஆட்டத்தின் பக்கத்தில் பளிச்சென்று மின்னும் 'ஸ்டார்ட்', 'டவுன்லோட்' பட்டன்கள். பல நேரம் அவை விளம்பரங்களே. உண்மையான பட்டன் ஆட்டச் சட்டத்துக்கு உள்ளேதான் இருக்கும். இரண்டு, நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்கும் பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு 'பிளாக்' கொடுங்கள். மூன்று, 'ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யவும்' என்ற அறிவிப்பு. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு, பழைய ஆட்டங்களை ஓட்டிய ஃபிளாஷுக்கு மூடுவிழா நடத்திவிட்டது. இன்றைய ஆட்டங்கள் பிரவுசரின் சொந்த பலத்திலேயே ஓடுகின்றன. ஆகவே ஃபிளாஷ் கேட்கிற பக்கம் பழையதாக இருக்கும், இல்லையென்றால் மோசடி.

ஆட்டம் லோடு ஆனதும் அந்தச் சட்டத்துக்குள் மவுஸால் ஒரு முறை கிளிக் செய்யுங்கள். இதைச் செய்யாமல் கீழ் ஏரோ கீயையோ ஸ்பேஸ் பாரையோ அழுத்தினால் வீரர் நகரமாட்டார், பக்கம்தான் கீழே ஓடும். பிறகு ஃபுல் ஸ்கிரீன் வையுங்கள். மொபைல் என்றால் ஆட்டம் எப்படிக் கேட்கிறதோ அப்படித் திருப்பிப் பிடியுங்கள்.

படம் விட்டு விட்டு ஓடினால் எல்லோரும் முதலில் திட்டுவது நெட்டை. கம்ப்யூட்டரோடு ஆடுகிறபோது அது பெரும்பாலும் தவறான சந்தேகம். லோடு ஆனபின் ஆட்டம் உங்கள் கருவியிலேயே ஓடுகிறது. திணறுவது கருவிதான். திறந்து கிடக்கும் மற்ற டேப்களை மூடுங்கள். சார்ஜரைச் செருகுங்கள், ஏனென்றால் பேட்டரியை மிச்சப்படுத்தும் மோடில் கருவி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேறோர் ஆளோடு ஆன்லைனில் மோதும்போது மட்டும்தான் நெட் முக்கியம். அப்போது வைஃபை ரூட்டருக்கு அருகில் உட்காருவது உண்மையிலேயே பலன் தரும்.

இனி கை பழக வேண்டும். இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் வீரர் பந்தை நோக்கித் தானே ஓடிவிடுவார். நீங்கள் மவுஸையோ விரலையோ இழுத்து அடிக்கிற திசையை மட்டும் சொன்னால் போதும். இன்னொன்றில் ஓட்டமும் உங்கள் பொறுப்பு: ஏரோ கீயால் நகர்ந்து, ஸ்பேஸ் பார் போன்ற ஒரு கீயால் அடிக்க வேண்டும். புதியவர்கள் முதல் வகையில் தொடங்குவது நல்லது. லேப்டாப்பின் டச்பேடில் இழுத்து ஆடுவது கொடுமை. ஒரு சாதாரண மவுஸ் இருந்தால் அதைச் செருகிக்கொள்ளுங்கள்.

அடிக்கும் நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். திசைக்குத் தனிக் கட்டளை இல்லாத பல ஆட்டங்களில், மட்டையை வீசுகிற நேரமே திசையைத் தீர்மானிக்கிறது. வலது கைக்காரர் வலப்பக்கம் வரும் பந்தைச் சற்று முந்தி அடித்தால் அது இடப்பக்கம் குறுக்காகப் போகும். சற்றுத் தாமதித்து அடித்தால் வலது ஓரக்கோட்டை ஒட்டி நேராகப் போகும். நிஜ டென்னிஸிலும் இதே கதைதான். முதல் சில நிமிடம் வெற்றி தோல்வியைப் பார்க்காமல், ஒரே பந்தை முந்தியும் பிந்தியும் அடித்து, எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.

எந்தத் திசை பத்திரமானது? சந்தேகம் வந்தால் குறுக்காக அடியுங்கள். மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் அகலம் 8.23 மீட்டர். மூலைக்கு மூலை கணக்குப் போட்டால் 25 மீட்டருக்கு மேல் வருகிறது. அதாவது பந்து விழுவதற்குக் கூடுதலாக ஒரு மீட்டருக்கு மேல் இடம் கிடைக்கிறது. வலையின் உயரமும் கம்பங்களின் அருகே 1.07 மீட்டர், நடுவில் 91.4 சென்டிமீட்டர்தான், குறுக்கே போகிற பந்து அந்தத் தாழ்ந்த நடுப்பகுதியைத் தாண்டிப் போகிறது. மைதான அளவைச் சரியாக வரைந்திருக்கும் ஆட்டங்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஓரத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தால் உள்கோடுதான் ஒற்றையருக்கு எல்லை. வெளிக்கோடு இரட்டையருக்கானது.

இப்போது அந்தப் பலவீனத்துக்கு வருவோம். எளிய ஆட்டங்களில் கம்ப்யூட்டர் வீரருக்குத் தந்திரம் கிடையாது. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மிகாமல், ஓடும்படி அவருக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். பலமாக அடித்து அவரைத் தோற்கடிப்பது கடினம், ஓட வைத்தால் சுலபம். ஒரே மூலைக்கு இரண்டு மூன்று பந்துகளைத் தொடர்ந்து அனுப்புங்கள். அவர் அந்த ஓரத்தில் ஒதுங்கியதும் எதிர் மூலைக்கு ஒன்று. அவர் எட்டிப் பிடித்துவிட்டால் மறுபடி அதையே செய்யுங்கள், இம்முறை ஓரக்கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் உங்கள் வீரரைப் பின்கோட்டின் நடுப்பகுதிக்குத் திருப்பிக் கொண்டுவரவும் மறக்காதீர்கள். அடித்த இடத்திலேயே நின்று ரசித்தால் பந்து மறுபக்கம் போய் பாயின்ட் பறிபோகும். நம் சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அவர் பெயர் வாங்கியது வேகத்துக்காக அல்ல, பந்தை நினைத்த இடத்தில் போடும் நயத்துக்காக.

மைதானம், வீரர் எதுவும் இல்லாமல் இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியுமாக ஓர் ஆட்டம் கண்ணில் பட்டால் அது 'பாங்'. 1972-இல் அடாரி நிறுவனத்துக்காக ஆலன் அல்கார்ன் செய்தது. பிரவுசரில் அதன் நகல்கள் ஏராளம். மூல ஆட்டத்தில், மட்டையான அந்தக் கோட்டை எட்டுத் துண்டாகப் பிரித்திருந்தார் அவர். நடுவில் பட்டால் பந்து நேரே திரும்பும், நுனியில் பட்டால் சாய்வாகப் பாயும். நல்ல நகல்களிலும் இது இருக்கும். பந்தை மட்டையின் நுனியால் வாங்கப் பழகுங்கள்.

ஸ்கோர் பலருக்குக் குழப்பம். பூஜ்யம் 'லவ்', பிறகு 15, 30, 40. இருவரும் 40 என்றால் 'டியூஸ்'. அங்கிருந்து அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் எடுத்தால்தான் கேம். குறைந்தது ஆறு கேம் எடுத்து, எதிராளியைவிட குறைந்தது இரண்டு கேம் கூடுதலாக இருந்தால் செட். 6-6 என்றால் செட்டை முடித்துவைக்க ஒரு தீர்வு கேம், அதுதான் 'டை பிரேக்'. இந்த டை பிரேக்கின் அருமை 2010 விம்பிள்டனில் தெரிந்தது. அப்போது அங்கே கடைசி செட்டுக்கு அது இல்லாததால், இஸ்னர், மஹூ என்ற இரு வீரர்களின் ஆட்டம் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஓடி, கடைசி செட் 70-68 என்று முடிந்தது. பிரவுசர் ஆட்டங்களில் அந்தக் கவலை இல்லை. பலவும் ஒரு கேமோடோ சில பாயின்டோடோ முடித்துவிடும். எத்தனை என்பதை முதல் திரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பை, புது மட்டை என்று சேர்த்து வைப்பதெல்லாம் கணக்கு எதுவும் தொடங்காதவர்களுக்கு அந்த பிரவுசருக்குள்தான் பதிவாகும். இன்காக்னிட்டோவில் ஆடினாலோ குக்கீஸை அழித்தாலோ போய்விடும். விளம்பரம் பார்த்தால் இரட்டிப்புக் காசு என்ற ஆசை வார்த்தையைத் தாராளமாகத் தவிர்க்கலாம், அது இல்லாமலே வெல்ல முடியும். கார்டு எண்ணோ யுபிஐயோ கேட்கிற நிலை வந்தால் டேபை மூடிவிட்டு வேறு ஆட்டத்துக்குப் போங்கள். இலவச டென்னிஸுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை.