ஒல்லி உடம்பும் சர்க்கரையும்

நம்பிக்கை: ஒல்லியாக இருப்பவருக்குச் சர்க்கரை வியாதி வராது.

2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஆனால் சர்க்கரைக்கு வழிவிடுவது இந்தக் கொழுப்புதான். கையும் காலும் குச்சியாக இருக்க, பெல்ட்டுக்கு மேல் தொப்பை மட்டும் எட்டிப் பார்க்கும் ஆட்கள் நம் தெருவிலேயே உண்டு.

சதை குறைந்து கொழுப்பு மிகுந்த இந்த உடல்வாகு பிறக்கும்போதே தொடங்குகிறது. புனே பக்கத்துக் கிராமங்களில் யாஜ்னிக் குழு அளந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. நம் குழந்தைகளுக்குச் சதை வெகுவாகக் குறைந்திருந்தது, தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

நம்பிக்கை: பிள்ளை சிறுசாக இருந்தால் சுகப்பிரசவம், கடைசி மாதங்களில் அரை வயிறு போதும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை முடக்கியதால் ஆம்ஸ்டர்டாமில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் கிடைத்தது. அப்போது வயிற்றிலிருந்தவர்களை ஐம்பது வயதில் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் மற்றவர்களைவிட அவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக நின்றது. பஞ்சம் கர்ப்பத்தின் நடுவிலோ கடைசியிலோ தாக்கியிருந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நம்பிக்கை: கவலைப்பட்டுப் பட்டே சர்க்கரை வந்துவிட்டது.

பாதி உண்மை. மன உளைச்சலில் சுரக்கும் கார்ட்டிசால், கல்லீரலைச் சர்க்கரை உண்டாக்கச் சொல்கிறது, இன்சுலினின் கையையும் கட்டிப்போடுகிறது. மூச்சிரைப்புக்குத் தரும் பிரெட்னிசோலோன் மாத்திரை இதன் பங்காளிதான். அதைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை எகிறுவதைப் பார்க்காத டாக்டர் கிடையாது. ஆனால் பரம்பரை, தொப்பை, உட்கார்ந்தே இருக்கும் பிழைப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கவலை ஒன்றின் தலையில் பழியைப் போட முடியாது.

கர்ப்பிணி கவலைப்பட்டால் பிள்ளையைப் பாதிக்குமா? தாயின் கார்ட்டிசால் கருவை அப்படியே போய்ச் சேராது. நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு என்சைம் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும். தாய் எலிக்குப் புரதம் குறைத்தால் அந்த என்சைம் குறைகிறது, குட்டிகளுக்குப் பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதற்காக, “மாசமா இருந்தப்ப நீ அழுதுக்கிட்டே இருந்தே, அதான்” என்று எந்தத் தாயையும் குத்திக்காட்ட வேண்டாம். எலிக்குக் குறைந்தது சாப்பாடு.

நம்பிக்கை: எடை குறைந்து பிறந்த பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிட்டால் தேறிவிட்டது.

டெல்லியில் சுமார் 1,500 பேரைப் பிறந்ததிலிருந்து முப்பது வயதுவரை தொடர்ந்து அளந்தார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு மற்றவர்களைவிட வேகமாகச் சதை போட்டவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டு என்ற கணக்கில் வரவில்லை. பார்த்தவர்கள், “பிள்ளை இப்பத்தான் உடம்பு பிடிச்சிருக்கு” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.