பாறையை அறுப்பது தண்ணீரா?

மாணவர்களே, "ஆற்றுநீர் பாறையை அறுத்து ஆழமான பள்ளத்தாக்கை உருவாக்குகிறது" என்று விடைத்தாளில் பலர் எழுதுவதுண்டு. அதற்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். விடுபட்ட பாதியைக் காவிரியில் தேடுவோம்.

கர்நாடகத்தின் குடகு மலையில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் பிறக்கும் காவிரி, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 1.6 மீட்டர் இறக்கம். ஆனால் இந்த இறக்கம் எங்கும் ஒரே சீராக இல்லை. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் வழியில், சிவசமுத்திரத்தில் மட்டும் ஏறத்தாழ 98 மீட்டர் விழுகிறது. அதற்குக் கீழே மேகதாதுவிலும், தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லிலும் கடினப் பாறைகளுக்கு இடையே ஒடுங்கிப் பாய்கிறது. மேகதாது என்றால் கன்னடத்தில் 'ஆடு தாண்டும் இடம்' என்று பொருள். ஆறு அங்கே அவ்வளவு குறுகலானது!

உயரத்தில் இருக்கும் நீரின் நிலையாற்றல், கீழே பாயும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. வேகம் 2 மடங்கானால் இயக்க ஆற்றல் 4 மடங்காகும். ஆனால் தெளிந்த நீர் மட்டும் கடினப் பாறையை எளிதில் தேய்த்துவிடாது. வெள்ளம் உருட்டிவரும் மணலும் கூழாங்கற்களுமே உளிகள். அவற்றை இயக்கும் கைதான் தண்ணீர். இதற்கு உராய்வு அரிப்பு என்று பெயர்.

இதற்குச் சான்று மேகதாதுப் பாறைகளில் உள்ள வட்டக் குழிகள். சுழலில் சிக்கிய கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைத் துளைத்ததால் உண்டானவை அவை.

பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்பது ஏன்? மழையும் வெயிலும் பக்கங்களைச் சிதைப்பதைவிட வேகமாக ஆறு அடிப்பகுதியைத் தோண்டினால் குறுகிய பள்ளத்தாக்கு உருவாகும். பக்கங்கள் எளிதில் சரிந்தால் அது அகன்றுவிடும்.

சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவின் உயரமே சுமார் 163 மீட்டர்தான். அதனால் இங்கே இத்தகைய பள்ளத்தாக்குகள் இல்லை. ஆனால் விதி ஒன்றே. தேக்காவுக்கு அருகிலுள்ள ரோச்சோர் கால்வாயைக் கனமழையின்போது பாதுகாப்பான தூரத்திலிருந்து பாருங்கள். வழவழப்பான கான்கிரீட்டில் உராய்வு குறைவு என்பதால் நீர் விரைந்து ஓடும்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இதற்கு நேர்மாறான மாற்றம் செய்தார்கள். அங்கு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து நெளியும் ஆறாக மாறியது. வளைவுகளும் கற்களும் செடிகளும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனாலும் பெருமழையில் அங்கே நீர்மட்டம் விரைவாக உயரும். எச்சரிக்கை ஒலி கேட்டால், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். முழங்கால் அளவு நீர்கூட, வேகமாகப் பாய்ந்தால் உங்களைச் சாய்த்துவிடும்.

கணக்கிட்டுப் பாருங்கள்: மொத்த இறக்கம் மாறாமல், ஆற்றின் நீளம் மட்டும் 2.7 கிலோமீட்டரிலிருந்து 3.2 கிலோமீட்டராகக் கூடினால், சரிவு எத்தனை விழுக்காடு குறையும்? (விடை: ஏறத்தாழ 16 விழுக்காடு)