சங்கத்து லாரியும் அதன் புரொப்பெல்லர் ஷாப்டும்

கட்டை வண்டிக்கு மையிட மறந்தவனை அவ்வண்டியே ஊரறியக் காட்டிக்கொடுத்துவிடும். இருசு உலர்ந்தவுடன் சக்கரம் கிறீச்சிட்டுக் கத்தும், எதிரே வருபவன்கூட, "வண்டிக்கு மை போடலாகாதா?" என்று கேட்பான். மோட்டார் லாரியின் இயல்பு அவ்வாறன்று. அதன் அடியிலே சுழலும் மூட்டுகள் உலர்ந்து தேயும்போது எழும் மெல்லிய ஓசை, எஞ்சினின் இரைச்சலில் அமிழ்ந்துபோகின்றது. நெல் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் ஒரு நாளில் மூட்டு முறிந்து லாரி நடுவழியில் நின்ற பின்னரே, பல மாதங்களாக அதற்குக் கிரீஸ் இடப்படவில்லை என்பது வெளிப்படும்.

பின்சக்கரங்களால் ஓடும் லாரியின் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கே செய்யவேண்டும். ஆயினும் சங்கத்தின் சார்பில் அருகில் நிற்கும் அங்கத்தினர், தாம் ஸ்பானரைத் தொடாவிடினும், கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உள. அவை யாவை என்பதும், ஏன் கேட்கவேண்டும் என்பதும் இதனைப் படிப்பதால் விளங்கும்.

1. தண்டின் வேலை

எஞ்சினில் உண்டாகும் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸை அடைகின்றது. அங்கிருந்து பின் இருசின் நடுவிலுள்ள டிபரென்ஷியல் வரையில் அச்சக்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இரும்புக் குழாயே புரொப்பெல்லர் ஷாப்ட் எனப்படும். நீளமான லாரிகளில் இத்தண்டு இரண்டு துண்டுகளாக இருக்கும்; அவை சேருமிடத்தை ரப்பர் பொதிந்த சென்டர் பேரிங் ஒன்று தாங்கி நிற்கும்.

கியர் பாக்ஸ் லாரியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டது. பின் இருசோ வில்களின்மேல் அமைந்தது. பாரத்திற்கும் பள்ளமேடுகளுக்கும் ஏற்ப அது ஏறி இறங்கும். ஆகவே இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள சாய்வும் தூரமும் கணந்தோறும் மாறுகின்றன. சாய்வின் மாறுதலுக்கு இடங்கொடுப்பது கிராஸ் ஜாயிண்டு. தூரத்தின் மாறுதலுக்கு இடங்கொடுப்பது ஒன்றினுள் ஒன்று நழுவும் பற்களையுடைய ஸ்லிப் ஜாயிண்டு. கிராஸ் என்பது கூட்டற்குறி போன்ற நான்கு முளைகளையுடைய எஃகுத் துண்டு. ஒவ்வொரு முளையின்மேலும் ஒரு சிறு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்தினுள் ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். கிண்ணம் வெளியேறாதபடி சர்க்கிளிப் வளையம் காக்கும்.

இம்மூட்டு, இத்தாலி தேசத்துக் கார்டானோ (1501–1576), இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக் (1635–1703) ஆகிய இரு அறிஞர்களின் பெயர்களால் வழங்குகின்றது. 1898இல் பிரான்ஸ் தேசத்து லூயி ரெனோ தம் சிறு மோட்டார் வண்டியில் சங்கிலிக்குப் பதிலாகத் தண்டை அமைத்தார். 1903ஆம் வருஷத்தில் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வண்டிகளுக்கேற்ற மூட்டு ஒன்றிற்குப் பேட்டண்டு உரிமை பெற்றார்.

தண்டின் வேகத்தையும் அறிதல் வேண்டும். நேர் கியரில் எஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 சுற்றுச் சுழன்றால் தண்டும் 2,000 சுற்றுச் சுழலும். டிபரென்ஷியலின் விகிதம் 5க்கு 1 ஆயின், சக்கரம் 400 சுற்றே சுழலும். இத்துணை வேகமாகச் சுழலும் பொருளில் சிறு கோணலோ எடை வேறுபாடோ இருப்பினும், லாரி முழுவதும் அதிரும்.

2. நோயின் அறிகுறிகள்

லாரி புறப்படும்போதும், முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் அடியில் "டக்" என்ற ஓசை கேட்டல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மாத்திரம் உடல் அதிர்தல். மெதுவாகச் செல்லும்போது குருவி கத்துவதுபோன்ற ஒலி எழுதல். கிண்ணங்களைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி காணப்படுதல் ஆகியவை முக்கியமான அறிகுறிகள். சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்தாலும் அதிர்ச்சியும் உறுமலும் உண்டாகும்.

இவற்றை அலட்சியம் செய்தால் நேரும் அபாயம் பெரிது. ஓடும்போது மூட்டு முறிந்தால், தண்டு சாட்டைபோல் சுழன்று பிரேக் குழாய்களையும் எண்ணெய்த் தொட்டியையும் தாக்கக்கூடும். முன்தலை அறுந்து தரையில் ஊன்றினால் லாரியின் ஓட்டமே நிலைகுலையும். தண்டைச் சுற்றிக் காப்பு வளையம் அமைந்துள்ள லாரிகளில் அவ்வளையத்தைக் கழற்றி எறிந்துவிடலாகாது.

3. கழற்றுமுன் செய்யவேண்டியவை

இப்பாடத்தின் உயிர்நிலை இப்பகுதியே. லாரியைக் கியரில் நிறுத்தினால் அது உருளாது என்பது பலருடைய நம்பிக்கை. அது உண்மையே, ஆனால் தண்டு பூட்டியிருக்கும்வரையில்தான் உண்மை. சக்கரத்தை எஞ்சினோடு பிணைத்திருப்பது அத்தண்டே. அதைக் கழற்றியவுடன் கியர் எதையும் பிடித்து நிறுத்தாது.

ஹாண்ட் பிரேக்கிலும் இத்தகைய சூது ஒன்று உண்டு. சில லாரிகளில் ஹாண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். வேறு சிலவற்றிலோ, கியர் பாக்ஸின் வால்பக்கத்திலுள்ள டிரம்மைப் பிடிக்கும். அஃதாவது, தண்டைப் பிடிப்பதன் மூலமே சக்கரங்களைப் பிடிக்கும். இவ்வகை லாரியில் தண்டின் கடைசி போல்ட்டு கழன்ற அந்தக் கணமே கியரும் ஹாண்ட் பிரேக்கும் ஒருங்கே பயனற்றுப்போகும். அக்கணத்தில் மெக்கானிக் சக்கரங்களுக்கு இடையே மல்லாந்து படுத்திருப்பான். தரை சற்றே சரிவாயிருப்பினும் விளைவு சொல்லவேண்டுவதில்லை. அன்றியும், இவ்வகை லாரியின் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினால், தண்டு பூட்டியிருக்கும்போதே ஆபத்துண்டு: தூக்கிய சக்கரம் ஒருபுறமாகச் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறுபுறமாக உருளும்படி டிபரென்ஷியல் வழிவிட்டுவிடும்.

ஆதலால் லாரியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தவேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், இருபக்கமும், கனமான முட்டுக்கட்டைகளை இறுக்கமாகக் கொடுக்கவேண்டும். செங்கல்லும் கூழாங்கல்லும் முட்டாகமாட்டா. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, அடியில் வேலை செய்பவனே தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் லாரியின் அடியில் ஒருவரும் புகலாகாது. தூக்குவது அவசியமானால் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்தபின்னரே புகவேண்டும். எட்டாத போல்ட்டைக் கீழே கொண்டுவருவதற்கு லாரியைச் சிறிது உருட்ட நேர்ந்தால், அடியிலிருப்பவன் வெளியே வந்தபின் உருட்டி, மீண்டும் முட்டுக்கொடுக்கவேண்டும்.

அடுத்தது அடையாளமிடல். ஒரு கிராஸ் மூட்டு 10 பாகை சாய்ந்து சுழலும்போது, அதன் முன்புறம் 2,000 சுற்றுச் சீராகச் சுழன்றாலும், பின்புறத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இருமுறை இறங்கி, சுமார் 1,970க்கும் 2,030க்கும் இடையே ஊசலாடும். ஒரு மூட்டின் ஊசலாட்டத்தை மற்றொரு மூட்டு சரிசெய்யும்படி தொழிற்சாலையார் அவற்றை ஒரே தளத்தில் அமைத்துள்ளனர். ஸ்லிப் ஜாயிண்டை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் இவ்வொழுங்கு கெடும். பின்னர் எத்தனை புதிய பாகங்களை மாற்றினும் அதிர்ச்சி நீங்காது. ஆகவே முன் பிளேஞ்சு, பின் பிளேஞ்சு, ஸ்லிப் ஜாயிண்டு, நடு மூட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் இருபாகங்களையும் கடந்து செல்லும்படி வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுக்கவேண்டும். குழாயின்மேல் உளியால் வெட்டலாகாது.

4. கழற்றும் முறை

போல்ட்டுகளைத் தொடுமுன் தண்டைக் கயிற்றாலோ ஸ்டாண்டாலோ தாங்கவேண்டும். பாரலாரியின் தண்டு ஒருவர் தாங்கக்கூடிய பாரமன்று, இருவர் அவசியம். முதலில் பின் பிளேஞ்சின் போல்ட்டுகளையும், அடுத்துச் சென்டர் பேரிங்கின் தாங்கியையும், இறுதியில் முன் பிளேஞ்சையும் கழற்றுவது சௌகரியம். தாங்கியின் அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால், அவை எப்பக்கத்தில் எத்தனை இருந்தன என்று குறித்துவைக்கவேண்டும். ஒரு முனை கழன்றபின் தண்டை மறுமுனையில் தொங்கவிடலாகாது, அம்மூட்டு கெடும். ஸ்லிப் ஜாயிண்டு தானே நழுவிப் பிரியாதபடி கட்டிவைக்கவேண்டும். இலேசான சில வண்டிகளில் தண்டின் முன்தலை நேராகக் கியர் பாக்ஸினுள் நுழைந்திருக்கும். அதை உருவினால் எண்ணெய் வழியும். ஆகையால் அடைப்பும் பாத்திரமும் முன்னதாகவே தயாராயிருக்கவேண்டும்.

5. சுத்தமும் பரிசோதனையும்

கழற்றிய தண்டை மண்ணெண்ணெயால் கழுவித் துடைக்கவேண்டும், பெட்ரோலை உபயோகிக்கலாகாது. குழாயில் நசுங்கல் உண்டா என்று பார்க்கவேண்டும். குழாயின்மேல் ஒட்டவைத்துள்ள சிறு எஃகுத் துண்டுகள் எடையைச் சமப்படுத்துவதற்காக வைக்கப்பட்டவை. அழுக்கென்று கருதி அவற்றைத் தட்டிவிடலாகாது. ஒவ்வொரு மூட்டையும் நான்கு திசையிலும் அசைத்துப் பார்க்கவேண்டும். கரகரப்போ, இறுக்கமோ, ஆட்டமோ இருப்பின் கிராஸை மாற்றவேண்டும்.

சர்க்கிளிப்புகளை எடுத்தபின், வைஸில் ஒருபுறம் சிறிய சாக்கெட்டையும் மறுபுறம் பெரிய சாக்கெட்டையும் வைத்து இறுக்கினால், சிறியது தள்ள, கிண்ணம் பெரியதனுள் வெளியேறும். குழாயை வைஸில் பிடிக்கலாகாது. முளையின்மேல் ஊசிகளின் தடம் நகத்தில் இடறும்படி பதிந்திருந்தால், கிராஸையும் நான்கு கிண்ணங்களையும் ஒரு செட்டாகவே மாற்றவேண்டும். புதிய கிண்ணத்தைச் செலுத்தும்போது ஓர் ஊசி சாய்ந்து அடியில் விழுந்துவிட்டால், கிண்ணம் முழுதும் இறங்காது. சர்க்கிளிப்பின் பள்ளமும் தெரியாது. அப்போது சுத்தியலால் அடித்து இறக்க முயல்வது மூடத்தனம். கழற்றி ஊசியை நிமிர்த்தவேண்டும். சர்க்கிளிப்புகள் புதியனவாகவே இருக்கவேண்டும். கிரீஸ் நிப்பிள்கள், பூட்டியபின் கிரீஸ் கன் எட்டும் திசையில் அமையவேண்டும்.

கிரீஸ் இடுவதிலும் ஒரு நியமம் உண்டு. கிராஸின் நான்கு முளைகளிலும் பழைய கிரீஸ் வெளிவந்து புதியது தோன்றும்வரை அழுத்தவேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிடின், அவ்வொன்றின் வழி அடைபட்டிருக்கின்றது என்று அறியவேண்டும். உலர்ந்த அந்த ஒரு முளையே நாளை முறியும். ஸ்லிப் ஜாயிண்டில் சிறு துவாரத்தின் வழியே கிரீஸ் வந்தவுடன், அதை விரலால் மூடிக்கொண்டு, சீல் ஓரத்தில் வரும்வரை மீண்டும் அழுத்தவேண்டும். எவ்வகைக் கிரீஸ், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பவற்றை வண்டியின் கையேட்டில் கண்டபடி அனுசரிக்கவேண்டும். சேறும் நீரும் நிறைந்த வழியில் ஓடிய லாரிக்கு அக்கெடுவரை காத்திராமல் முன்னதாகவே இடுதல் நலம்.

குழாயை நிமிர்த்தல், வெல்டிங் செய்தல், எடை சமப்படுத்தல் ஆகியவை தக்க யந்திரமுள்ள பட்டறையில் மட்டும் செய்யத்தக்கவை.

6. மீண்டும் பூட்டுதல்

பிளேஞ்சுகளின் முகங்களைத் துடைத்துத் தூசின்றிச் சேர்க்கவேண்டும்; இடையே அகப்படும் சிறு மண்கட்டியும் தண்டைக் கோணலாக்கும். இட்ட கோடுகள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தவேண்டும். கழற்றுமுன்னரே அதிர்ச்சி இருந்த லாரியாயின், முன்பு பூட்டியவர் தவறியிருக்கக்கூடும். அப்போது கையேட்டின் படத்தோடு ஒப்பிடவேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டுகளை உபயோகிக்கலாகாது. அதற்கென அமைந்த உறுதியான போல்ட்டுகளையும் புதிய லாக் நட்டுகளையும் இட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ஸ்பானரால் கையேட்டின் அளவுக்கு முடுக்கவேண்டும். சென்டர் பேரிங்கின் ரப்பர் முறுக்கின்றி இயல்பாக அமர்ந்தபின்னரே அதன் தாங்கியை இறுதியாக முடுக்கவேண்டும். முதலில் வெறும் லாரியாக ஓட்டிப் பார்த்து, முதற் பயணம் முடிந்தவுடன் போல்ட்டுகளை மறுபடியும் சோதிக்கவேண்டும்.

7. சங்கத்தின் கடமை

தனியொருவனுடைய வண்டிக்கு மையிடுவோன் அவனே. சங்கத்தின் லாரியோ எல்லோருடைய சொத்து; அதனாலேயே அதற்குக் கிரீஸ் இடுவது ஒருவருடைய வேலையுமன்று என்றாகிவிடுகின்றது. ஓட்டுநர் காரியதரிசி சொல்லட்டும் என்றிருப்பார். காரியதரிசி ஓட்டுநர் அறிவார் என்றிருப்பார். இதற்குப் பரிகாரம் ஒரு சிறு நோட்டுப்புத்தகமே. தேதி, ஓடிய கிலோமீட்டர், கிரீஸ் இட்டவர் பெயர், கண்ட குறை என்னும் நான்கு கலங்கள் அதற்குப் போதும். மாதாந்தரக் கூட்டத்தில் ரொக்கப் புத்தகத்தோடு இதனையும் வாசிக்கவேண்டும்.

தண்டு கழற்றப்படும் நாளில் அருகில் நிற்கும் அங்கத்தினர், "முட்டுக்கட்டை கொடுத்தாயிற்றா? சாவி யாரிடம் இருக்கின்றது? கோடு இழுத்தாயிற்றா?" என்று கேட்கக் கூசலாகாது. முதல் இரண்டும் ஒரு மனிதனின் உயிரைக் காக்கும். மூன்றாவது சங்கத்தின் பொருளைக் காக்கும்.

வினாக்கள்

1. தண்டைக் கழற்றியபின் கியர் லாரியைப் பிடித்து நிறுத்தாததற்குக் காரணம் என்ன?
2. உங்கள் சங்கத்து லாரியின் ஹாண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கின்றதா, தண்டைப் பிடிக்கின்றதா? பார்த்து எழுதுக.
3. ஒரு முளையில் மட்டும் கிரீஸ் வெளிவராவிடின் அறியத்தக்கது யாது?
4. சென்ற முறை கிரீஸ் இட்ட தேதியை உங்கள் சங்கத்தில் யார் சொல்லக்கூடும்?