ஏட்டில் எழுதிய உரிமை

மாத்தளை நகருக்கு வடக்கே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியின் மருங்கில் அலுவிகாரைக் குகைகள் உள்ளன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த மறைகள் இங்கேயே ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. போரும் பஞ்சமும் மனனஞ் செய்தோரைக் குறைக்கவே, சான்றோர் எழுத்தை நாடினர். ஆயினும், எழுதியதை ஓதி ஒழுகுவார் இல்லையேல் ஏடு வெறும் ஓலைக்கட்டே யாகும். இவ்வுண்மை நம் காலத்துச் சிறுவர் உரிமைகளுக்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 இல் சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றது. இலங்கை 1991 யூலை 12 இல் அதனை உறுதிசெய்து, 1992 இல் தனக்கெனச் சிறுவர் பட்டயம் ஒன்றையும் வகுத்தது. சமவாயத்தின் 44 ஆம் உறுப்புரைப்படி, உறுதிசெய்த நாடு ஈராண்டுகளுள் முதல் அறிக்கையையும், பின்னர் ஐந்தாண்டுக்கொன்றாக ஏனைய அறிக்கைகளையும் அளித்தல் வேண்டும். பதினெண்மர் கொண்ட குழுவொன்று ஜெனீவாவில் அவற்றை ஆராய்கின்றது. அரசின் கூற்றோடு பொது அமைப்புகளின் தனி அறிக்கைகளையும் அது ஒப்புநோக்கும். தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. வினவுதலும், கண்ட குறையை உலகறிய உரைத்தலுமே அதன் வலிமை.

வினவுதற்குரியது யாது? நாடு முழுவதற்குமான சராசரி மட்டும் போதாது என்பதற்கு நம் மலையகமே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் பலர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். அவர்தம் வழிவந்த பிள்ளைகளுக்கு லயங்களின் அருகே அமைந்த தோட்டப் பள்ளிகளே வாய்த்தன. 1945 இல் இலவசக் கல்வி நாட்டிற்கு வந்தபோதும் அதன் முழுப்பயன் அவர்களை எட்டவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970களிலேயாம். நாட்டின் எழுத்தறிவு உயர்ந்ததெனப் பெருமை பேசிய கணக்கினுள் இப்பிள்ளைகளின் குறை மறைந்து கிடந்தது. மாவட்டம், தோட்டம், ஆண், பெண், உடற்குறையுடையோர் எனப் பிரித்து எண்ணினாலன்றி இத்தகைய குறை புலப்படாது.

இன்று சட்டங்கள் பல உள. 1998 இல் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது; அவ்வாண்டிலேயே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டமும் இயற்றப்பட்டது. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016 இல் பதினாறாக உயர்ந்தது. தொழில் செய்வதற்குரிய குறைந்த வயது 2021 இலேயே பதினாறாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பதினான்கைக் கடந்த பிள்ளையைப் பள்ளிக்கு வாவென ஒரு சட்டம் அழைக்க, வேலைக்குப் போகலாமென மற்றொன்று விடுத்தது. இத்தகைய முரணைக் கண்டு களைவதும் கண்காணிப்பின் பணியே.

ஆயின், கண்காணிப்பு ஜெனீவாவில் தொடங்குவதன்று. வகுப்பறையில் வரவு இடாப்பைத் திறக்கும்போது தொடங்குகின்றது. ஒரு பெயருக்கெதிரே பத்து நாள் வரவின்மை தொடருமாயின், அப்பிள்ளை நோயுற்றதோ, கடையொன்றில் வேலைக்கு அமர்ந்ததோ, தம்பி தங்கையரைக் காக்க வீட்டில் நின்றதோ என ஆசிரியர் வினவுதல் வேண்டும். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவித்தலும், பிள்ளைக்குத் தீங்கு நேருமென அஞ்சுமிடத்து 1929 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்தலும் நம்மால் ஆவனவே. பள்ளியிற் சேராத பிள்ளையின் பெயரோ எந்த இடாப்பிலும் இராது. அதனைத் தேடிக் காணுதல் ஊரார் கடன்.

பழைய மாணவராகிய நாம் விழாக்காலத்தில் நம்முடன் படித்தோரை நினைவுகூர்கின்றோம். இடைவகுப்பிலேயே நின்றுவிட்ட தோழரையும் அவ்வேளை நினைப்போமாக. அவர் ஏன் வரவில்லையென அன்று கேட்டார் எவர்? இன்று பயிலும் பிள்ளைகளைப் பற்றியேனும் அவ்வினாவை உரிய காலத்தில் எழுப்புவோமாயின், ஏட்டில் எழுதிய உரிமை வாழ்விலும் நிலைபெறும்.