திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கு

சகோதரர்களே, இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அல்லாஹு தஆலாவின் வாக்குறுதி. அதிலும், இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதாக அவன் அளித்த வாக்குறுதி. வாக்கு என்றால் என்னவென்று வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துண்டுச் சீட்டுக்கூட எழுதாமல் ஐந்நூறு வெள்ளிச் சரக்கு நம்மிடையே கைமாறுகிறது. ஆனால் அல்லாஹ்வின் வாக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம்மில் பலர் வரவுப் பக்கத்தை மட்டுமே படிக்கிறோம். அவன் தருவான், தருவான் என்கிறோம். பற்றுப் பக்கம் ஒன்று உண்டென்பதை மறந்துவிடுகிறோம்.

அல்பகரா ஸூராவின் 40ஆம் ஆயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனூ இஸ்ராயீல்களை அழைத்து, தன்னிடம் செய்த உடன்படிக்கையை நிறைவேற்றும்படியும், அப்படிச் செய்தால் அவர்களுக்குத் தான் அளித்ததை நிறைவேற்றுவதாகவும் இறைவன் கூறுகிறான். பனூ இஸ்ராயீல் ஸூராவின் தொடக்கத்திலும் இதே முறைதான். அந்தச் சமூகம் இருமுறை அழிவுக்குள்ளானதைச் சொல்லிவிட்டு, 8ஆம் ஆயத்தில் ரஹ்மத்துக்கு வழி இருக்கிறது என்கிறான். பழைய அக்கிரமத்துக்கே திரும்பினால் தண்டனையும் திரும்பும் என்றும் அதே மூச்சில் எச்சரிக்கிறான்.

இனி நம் நாயகம் (ஸல்) அவர்களுடைய சரித்திரத்துக்கு வருவோம். கி.பி. 622இல் மக்காவைவிட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட வழியில், ஜுஹ்ஃபா என்னுமிடத்தில், அல்கஸஸ் ஸூராவின் 85ஆம் ஆயத்து இறங்கியதாகத் தஃப்ஸீர்களில் வருகிறது. குர்ஆனை உம்மீது கடமையாக்கியவன் உம்மைத் திரும்பும் இடத்துக்கே கொண்டு சேர்ப்பான் என்பது அதன் கருத்து. அந்த இடம் மக்காதான் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம். மறுமை என்று சொன்னவர்களும் உண்டு. அதே ஹிஜ்ரத்தில் ஸுஹைப் (ரலி) அவர்களைக் குறைஷிகள் மறித்து, ஏழையாக வந்து எங்கள் ஊரில் சம்பாதித்தாய், அதைக் கொண்டுபோக விடமாட்டோம் என்றார்கள். சொத்து முழுவதையும் கொடுத்துவிட்டு அவர் மதீனா போய்ச் சேர்ந்தார். அவருடைய வியாபாரம் லாபமாக முடிந்தது என்றார்கள் நாயகம் (ஸல்).

எட்டு வருஷம் கழித்து, கி.பி. 630இல், மக்கா கைக்கு வந்தது. வாக்கு நிறைவேறிய அந்த நாளில் நாயகம் (ஸல்) என்ன செய்தார்கள் என்பதைத்தான் நிதானித்துப் பார்க்க வேண்டும். கஅபாவின் சாவி உதுமான் இப்னு தல்ஹாவின் குடும்பத்தாரிடம் இருந்தது. ஹிஜ்ரத்துக்கு முன் நாயகத்துக்குக் கதவைத் திறந்துவிட மறுத்தவர் அவர். சாவியை வாங்கி உள்ளே போய் வந்த நாயகம் (ஸல்), தம் உறவினர் அதைக் கேட்டும் கொடாமல், உதுமானையே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் சேர்த்துவிடும்படி கட்டளையிடும் அந்நிஸா ஸூராவின் 58ஆம் ஆயத்து இந்தச் சந்தர்ப்பத்துடன் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்றைக்கும் அந்தச் சாவி அதே வமிசத்தாரிடம்தான் இருக்கிறது.

அவர்களுடைய சொந்த வீடு? எங்கே தங்கப்போகிறீர்கள் என்று உஸாமா (ரலி) கேட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்தாரா என்று மட்டுமே கேட்டார்கள். பெரிய தந்தையின் மகனான அகீல் வீடுகளை விற்றுவிட்டிருந்தார். வெற்றி பெற்ற தலைவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியவர்கள் அன்றைக்கே காலி செய்திருப்பார்கள். அவர்கள் சொல்லவில்லை, கூடாரத்தில் தங்கினார்கள்.

இதெல்லாம் பழைய சரித்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். நம் தமிழையே பேசும் சகோதரர்கள் இதே சோதனையை நம் காலத்தில் அனுபவித்தார்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் தேதி ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்தில் புறப்படச் சொன்னார்கள். கடைச் சரக்கு, நகை, நிலப் பத்திரம் எல்லாம் பின்னே தங்கின. மன்னார்த் தீவினர் படகேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டகைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அவர்களில் நம்மைப் போன்ற கடைக்காரர் எத்தனையோ பேர்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் இதற்கு வருத்தம் தெரிவித்து, அவர்கள் திரும்பி வரலாம் என்றார். உண்மையில் பெரும்பாலோருக்கு 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பிறகே வழி திறந்தது. போய்ப் பார்த்தால் வீட்டில் மரம் முளைத்திருந்தது. சில வீடுகளில் வேறு குடும்பம் குடியிருந்தது. அந்நாட்டுச் சட்டப்படி ஒரு நிலத்தைப் பத்து வருஷம் எதிர்ப்பின்றித் தமதாக அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். ஓடிப்போனவன் எப்படி எதிர்ப்புத் தெரிவிப்பான்? இந்த அநியாயத்தைச் சரிக்கட்ட 2016இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றியது. சட்டப்படி தன் நிலத்தைக் கேட்பது ஒருவனுடைய ஹக்கு. அகீல் விஷயத்தைக் காட்டி அதை விட்டுவிடு என்று அகதியிடம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. விட்டுக்கொடுப்பது உடையவன் செய்யும் காரியம். ஊரார் செய்யச் சொல்லும் காரியமன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995 அக்டோபர் 30இல், ராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்கள் லட்சக்கணக்கில் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு நடந்தார்கள். தேதி ஒத்துப்போவதைக் காட்டி, பார்த்தீர்களா அல்லாஹ்வின் தீர்ப்பை என்று பேசுவோரைக் கேட்டிருக்கிறோம். இது மிகவும் தவறான பேச்சு. அன்று மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய் யாரையும் விரட்டியவளல்லள். திருப்பிக் கொடுப்பேன் என்று இறைவன் சொன்னது, பக்கத்து வீட்டாருக்கும் நம் துன்பத்தைக் கொடுப்பேன் என்றல்ல.

நாம் மலாயா மண்ணில் சௌகரியமாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆகவே நம் பங்கு, பெறுபவன் பங்கைவிடக் கொடுப்பவன் பங்காகவே பெரும்பாலும் இருக்கிறது. செமினியைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. தோட்டம் உடைந்தபோது ஜனங்கள் காஜாங், கிள்ளான் என்று சிதறினார்கள். அவர்கள் நமக்குத் தரவேண்டிய பாக்கியை எந்தக் கடைக்காரரும் மறக்கவில்லை! கடையிலே இருக்கட்டும் முதலாளி என்று அவர்கள் விட்டுப்போன சீட்டுப் பணம், முன்பணம் இவை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன? ஊரில் தந்தை விட்ட வீட்டில் சகோதரிக்குரிய பங்கு, பிரிந்துபோன பங்காளியின் முதல், ஆளில்லாத பள்ளிவாசல் வக்ஃபு நிலம் எல்லாம் இதே கணக்கில் வருபவையே. அல்லாஹ் ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்க நாடும்போது வானத்திலிருந்து மூட்டை இறங்குவதில்லை. வைத்திருப்பவன் கையைத் திறக்கவேண்டும். அந்தக் கை நம்முடையதாக இருக்கலாம்.

உடையவரைத் தேடுங்கள், அவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளைத் தேடுங்கள். அவர் இந்துவாகவோ சீனராகவோ இருந்தாலும் சட்டம் ஒன்றே; அமானிதத்துக்கு மதம் கேட்பதில்லை. ஒருவரும் அகப்படாவிட்டால் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு நடவுங்கள். நாட்டுச் சட்டத்திலும் இடம் வைத்திருக்கிறார்கள். 1965ஆம் வருஷத்து உரிமை கோரப்படாத பணச் சட்டத்தின்படி, நிறுவனங்களிடம் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தை அரசாங்கத் தலைமைக் கணக்காளர் இலாகாவிலுள்ள பதிவாளரிடம் ஒப்படைக்கவேண்டும். உடையவர் பின்னர் வந்தால், அத்தாட்சி காட்டி அங்கே கேட்கலாம்.