மறதிநோயாளருக்கு எந்த இல்லம்?

மறதிநோயாளர் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பார்க்கலாம்: பெரிய முதியோர் இல்லத்தின் தனிப்பிரிவு, பத்துப் பேர் அளவில் வாழும் சிறுவீடு, மதிலுக்குள் அமைந்த சிற்றூர். ஆளை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்று மூன்றுமே சொல்லிக்கொள்ளும். அந்தக் கருத்தை வளர்த்தவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட். நினைவு போனாலும் ஆறுதல், பிணைப்பு, மற்றவரோடு சேர்ந்திருத்தல், கைக்கு ஒரு வேலை, தான் இன்னார் என்ற உணர்வு ஆகிய தேவைகள் போவதில்லை என்று 1997-இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கினார். எந்த இல்லத்தையும் இந்த ஐந்தை வைத்தே எடைபோட வேண்டும்.

பெரிய இல்லத்தில் இரவும் பகலும் செவிலியர் இருப்பர். விழுங்கத் திணறுபவருக்கும் படுத்த படுக்கையானவருக்கும் இதுவே பாதுகாப்பு. ஆனால் அங்கே நாள் கடிகாரத்தின்படி நகர்கிறது. எல்லோருக்கும் ஒரே வேளையில் குளியல். ஷிஃப்டுக்கு ஷிஃப்டு முகம் மாறும் ஊழியர். முன்பின் தெரியாதவர் உடையைக் களையும்போது முதியவர் பயந்து கையை ஓங்கினால், அது முரட்டுத்தனமாகப் பதிவாகி மாத்திரையில் போய் முடிகிறது. மறதிநோயுள்ள முதியோருக்குத் தரப்படும் மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்தது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு காலம் அவற்றைத் தருகிறார்கள் என்று கேட்காமல் சேர்க்கக் கூடாது.

சிறுவீட்டுக்கு ஜப்பானின் குழு இல்லங்கள் நல்ல சான்று. ஒரு பிரிவில் ஒன்பது பேருக்கு மேல் இல்லை. அமெரிக்காவில் 2003-இல் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோவில் தொடங்கிய கிரீன் ஹவுஸ் வீடுகளும் இவ்வகையே. அதே ஊழியர்களே சமைத்துக் குளிப்பாட்டுவதால் முகம் பழகுகிறது. சமையல் வாசனையே சாப்பாட்டு நேரத்தை உணர்த்துகிறது. காய் நறுக்கவும் துணி மடிக்கவும் முடிந்தவர் செய்கிறார். நடமாட்டம் உள்ளவர்களுக்கு இதுவே மிகப் பொருத்தம். நோய் முற்றினாலும் வைத்துக்கொள்வார்களா என்பதை முன்பே உறுதிசெய்ய வேண்டும். இன்னோர் இடமாற்றம் குழப்பத்தை மிகுவிக்கும்.

சிற்றூர் வகைக்குப் பெயர்பெற்றது நெதர்லாந்தின் வீஸ்ப் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க். தெரு, கடை, உணவகம், அரங்கம் எல்லாம் உள்ளேயே இருப்பதால் ஓயாமல் நடப்பவரைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. நாட்டின் பொதுக் காப்பீடு அதைத் தாங்குகிறது. அந்த ஆதரவில்லாத நாடுகளில் கட்டணம் எளிதில் எட்டாது.

கட்டடம் மட்டும் போதாது. சிட்னியின் சாதாரண இல்லங்களில் ஊழியருக்கு ஆளை மையமாகக் கொண்ட பராமரிப்பில் பயிற்சி அளித்தபோது முதியவர்களின் படபடப்பு குறைந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, ஊழியர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று காண, படபடப்பு கூடும் அந்திப்பொழுதில் இல்லத்தைப் பார்க்கச் செல்வது நல்லது. முதியவர் முன்பு என்ன வேலை பார்த்தார், எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்று குளிப்பாட்டும் ஊழியருக்கே தெரிந்திருந்தால், பழைய கட்டடமானாலும் அந்த இல்லத்தையே தேர்ந்தெடுக்கலாம்.