பள்ளிச் சுவரோரம் நின்ற குட்டியானை

எட்டாம் வகுப்பில் விண்ணப்பம் எழுதும் பயிற்சி வந்தாலே எனக்குக் கொஞ்சம் சலிப்பு. ‘எங்கள் தெருவிற்கு மின்விளக்கு அமைத்துத் தர வேண்டி’ என்று எல்லா நோட்டுகளிலும் ஒரே விண்ணப்பம். அனுப்புநர் ‘அ அ அ அ’, ஊர் ‘ஆ ஆ ஆ ஆ’. யாரும் அனுப்பப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு அதை மாற்றிப் பார்த்தேன். எங்கள் பள்ளி சிவகாசிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. சுற்றுச்சுவரை ஒட்டிச் சாலையோரத்தில் ஒரு குட்டியானை பல மாதங்களாக நின்றுகொண்டிருந்தது. நான்கு டயர்களும் காற்றிறங்கித் தரையோடு உட்கார்ந்துவிட்டன. பின்னால் கிடந்த தார்ப்பாயில் மழைநீர் தேங்கியிருந்தது. பள்ளி விடும் நேரமும் மினிபஸ் வரும் நேரமும் ஒன்று. பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நடுச்சாலைக்கு இறங்கித்தான் போக வேண்டும். “இதைப் பற்றியே விண்ணப்பம் எழுதுவோம்” என்றேன். வகுப்பு எழுந்து உட்கார்ந்தது.

அந்த வண்டியைப் பற்றி என்னென்ன தெரியும் என்று கேட்டு, சொன்னதையெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். “திருட்டு வண்டி டீச்சர்.” “உள்ள கள்ளத்தனமா வெடி வச்சிருக்காங்க.” “போலீசுக்குப் பயந்து விட்டுட்டு ஓடிட்டாங்க.” ஆர்வமாகப் பேசுகிறார்களே என்ற மகிழ்ச்சியில் எதையும் மறுக்காமல் எழுதிக்கொண்டே போனேன். நான் செய்த தவறு அதுதான்.

மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் இடைவேளையில் என் மேசை அருகே வந்து நின்றாள். “டீச்சர், அது எங்க தாய்மாமா வண்டி. திருடல. டியூ கட்ட முடியல, இன்ஜினும் போச்சு. அதான் நிக்குது” என்றாள். மாமா தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி ஏற்றிப் பிழைத்தவர். பிறகு அவரே ஒரு பட்டாசு ஆலைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

அன்று கரும்பலகையை அழித்துவிட்டுப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினேன். நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. முந்தைய வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்று பிள்ளைகளையே கேட்டேன். ஏறத்தாழ எல்லாமே வலப்பக்கம் போயின. இடப்பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்து அவர்களே சிரித்தார்கள். அந்த மாணவி சொன்னதை நான் வகுப்பில் சொல்லவில்லை.

இடப்பக்கத்தை நிரப்பச் சாலையின் எதிர்ப்புறமே நின்று பார்க்கச் சொன்னேன். வண்டியைத் தொடவோ தார்ப்பாயைத் தூக்கவோ கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். நம் பகுதியில் கேட்பாரற்று நிற்கும் வண்டிக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளைக் கையாளும்போது பற்றிய தீயின் புகை, அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மருந்து வாடை வந்தாலோ பெட்டிகள் தெரிந்தாலோ விலகி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் 112-ஐ அழைக்க வேண்டும். விண்ணப்பமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தூரத்திலிருந்தே நிறையக் கிடைத்தது. பதிவு எண், நிறம், பள்ளி வாயிலிலிருந்து எத்தனை அடி, சாலையில் எவ்வளவு அகலத்தை அடைத்திருக்கிறது, எந்த நேரத்தில் இடைஞ்சல் எல்லாம் எழுதி வந்தார்கள். டிஎன் 67 என்றால் விருதுநகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது என்பது பலருக்குப் புதிய செய்தி. எண்ணை வைத்து உரிமையாளரைத் தேடுவது காவல்துறையின் வேலை, நம் வேலை அன்று என்றும் சொன்னேன். தேங்கிய நீரை ஒருவன் அறிவியல் பாடத்தோடு சேர்த்துக்கொண்டான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதுமே!

சட்டத்தையும் எளிமையாகச் சொன்னேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வாகனத்தை அகற்ற, அந்த எல்லைக்குரிய சீருடைக் காவல் அலுவலர் ஆணையிடலாம். செலவு உரிமையாளருடையது. “பத்து மணி நேரமா! இது பத்து மாசமா நிக்குதே” என்றான் ஒருவன். ‘மாசம்’ கண்டதா, நினைத்ததா என்று அவனை மடக்கினாள் இன்னொருத்தி. கடைசியில் ‘கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து’ என்று எழுதினார்கள். அது அவர்கள் எல்லாரும் கண்டது.

அனுப்புவதற்கு முன் அந்த மாமாவைப் பள்ளிக்கு வரச் சொல்லி, தலைமையாசிரியரும் நானும் பேசினோம். கூச்சத்தோடு வந்தார். ஓடாத வண்டிக்கும் பதிவு அவர் பெயரில்தான் இருக்கிறது, அதை வைத்து நடக்கும் எதற்கும் அவரைத்தான் தேடி வருவார்கள் என்பதை அவர் யோசித்ததே இல்லை. இனி ஓட்டவே முடியாத வண்டி என்றால் 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை நீக்க வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவாகியிருந்தால் ஃபைனான்ஸ்காரர்களின் ஒப்புதலும் வேண்டும். காயலான் கடைக்குப் பேசி அனுப்பினால் மட்டும் வேலை முடியாது. “நீங்க மனு குடுங்க டீச்சர். நான் தனியாப் போய்க் கேட்டா ஃபைனான்ஸ்ல பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றார். நான் அவரிடமிருந்து கோபத்தைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

பிள்ளைகள் எழுதியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் கொடுத்தோம். பிள்ளைகளின் பெயர் வேண்டாம் என்றார் தலைமையாசிரியர், சரியான முடிவு. அதில் ‘திருட்டு’ என்றோ ‘கள்ள’ என்றோ ஒரு சொல்கூட இல்லை. முதல் மனுவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏற்புக் கையொப்பமிட்ட நகலைக் காட்டி மீண்டும் நினைவூட்டினோம். வண்டி போக அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்துப் போனபோது வகுப்பே சன்னலில் நின்றது. அந்த மாணவியும் நின்றாள்.

வண்டி நின்ற இடம் மாலையில் எவ்வளவு இருட்டு என்பது அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. இப்போது மின்விளக்கு கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அனுப்புநர் இடத்தில் ‘அ அ அ அ’ இல்லை.